‘ரிலீஸ்’னா என்ன சார்?

இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். எதிர்வீட்டு சண்முகத்தாய் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் செல்போன். அதைப் பிடித்திருந்த விதமே சரியில்லை... சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கியது போல, விரல் நுனியில் பிடித்திருந்தார்.

“சார், ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும்.”

இப்படி யாராவது கேட்டால் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். ராஜபாளையத்தில் முப்பது வருஷம் டியூஷன் சென்டர் வைத்து இங்கிலீஷ் கிராமர் நடத்தியவன். எங்கள் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தாலும், இன்ஷூரன்ஸ் லெட்டர் வந்தாலும், அது முதலில் என் வீட்டுக்குத்தான் வரும். அர்த்தம் சொல்லி அனுப்புவேன். அதில் ஒரு சின்ன கர்வம்... இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

சண்முகத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. வெள்ளைத் துணியை விளக்கு வெளிச்சத்தில் ஓடவிட்டு, எங்கே ஒரு இழை விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குறை தேடுவதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. ஒருநாள் என் மனைவி காபி கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, “என்ன மதினி, இன்னைக்கு டம்ளர் பெருசா இருக்கு? என்ன விஷயம்?” என்றார். அப்படிப்பட்டவர்.

கணவர் தவறி எட்டு வருஷமாகிறது. மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்துவிட்டார். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார்.

“என்ன வார்த்தை?”

“இதைக் கேளுங்க.” போனை மேஜை மேல் வைத்து அமுக்கினார். ஒரு ஆணின் குரல்.

“அக்கா, வியாழக்கிழமை பத்தரைக்கு நம்ம ஊர் ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துரு. ஒரு ரிலீஸ் இருக்கு. ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோ எடுத்துக்க. வேற ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பார்மாலிட்டி. வந்துரு, என்ன?”

குரல் அவருடைய தம்பி மாரிச்சாமியுடையது. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். நம்ம ஊர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே அம்மா பேரில் இருந்த வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது.

“ரிலீஸ்னா என்ன சார்?”

எனக்குக் குஷி வந்துவிட்டது. கிளாஸ் எடுத்து எவ்வளவு நாளாயிற்று!

“ரிலீஸ்ங்கிறது ரொம்ப நல்ல வார்த்தை தாயி. தியேட்டர்ல புதுப் படம் வந்தா ரிலீஸ். அங்கே அதுக்கு அர்த்தம் வெளியீடு. பிளவக்கல் அணையில ஷட்டரைத் தூக்குனா தண்ணி ரிலீஸ். கூமாப்பட்டிக்காரங்க எல்லாம் சந்தோஷப்படுவாங்க. ஜெயில்ல இருந்து ஒருத்தர் வெளிய வந்தா ரிலீஸ். ஆபீஸ்ல வேற ஊருக்கு மாத்தி, இங்கேயிருந்து விட்டுட்டாங்கன்னா அதுவும் ரிலீஸ். வண்டியில ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுறோமே, அதுகூட ரிலீஸ்தான்.”

சண்முகத்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை.

“எல்லாம் நல்லதாத்தான் இருக்கு. பொறவு எதுக்கு சார் பான் கார்டு கேக்கான்? தண்ணி தொறந்துவிட பான் கார்டு கேப்பாகளா?”

“ஏதாவது பார்மாலிட்டியா இருக்கும்.”

“அவனும் அதைத்தான் சொல்லுதான். பார்மாலிட்டின்னா என்ன?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. “பொறவு வாரேன் சார்” என்று போய்விட்டார். கேட் வரை போனவர், ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே இருந்து என் மனைவியின் குரல் வந்தது. “அம்புட்டு அர்த்தம் சொன்னிய. நம்ம வீட்டு அர்த்தத்தை மட்டும் ஏன் முழுங்கிட்டிய?”

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இன்றைக்கு என் முறை.

ரிலீஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்ட அர்த்தமும் தெரியும். பீரோவில், மேல் தட்டில், பிளாஸ்டிக் கவருக்குள் அது இருக்கிறது. ரிலீஸ் டீட். தமிழில் விடுதலைப் பத்திரம். ஒரு சொத்தில் இரண்டு பேருக்குப் பங்கு இருந்தால், ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பது.

பதினோரு வருஷத்துக்கு முன், அப்பா இறந்த பிறகு, கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கை விஜயாவுக்கு நான் போன் செய்தேன். “பாப்பா, பட்டா மாத்தணும். சும்மா ஒரு ரிலீஸ்தான். ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிரு” என்றேன். அவள் ‘ரிலீஸ்னா என்ன’ என்று கேட்கவில்லை. அண்ணன் இங்கிலீஷ் வாத்தியார், அண்ணனுக்குத் தெரியும். வந்தாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். போட்டோவுக்கு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். இந்த வீடு முழுசாக என் பேருக்கு வந்தது.

பொய் சொன்னேனா? இல்லை. ரிலீஸ் என்றுதானே சொன்னேன்? அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமும் உண்டே?

இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் இதுதான். விஜயா அதன் பிறகு இந்த ஊருக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால், மண்டபத்தோடு வந்து மண்டபத்தோடு போய்விடுவாள். வீட்டுக்கு வருவதில்லை. ‘பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே’ என்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெரியாதவரை நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் சண்முகத்தாய் கண்ணில் படாமல் இருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? ‘உங்களுக்கு எப்படி சார் தெரியும்?’

புதன்கிழமை காலை தாங்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிற பத்திரமாக இருக்கலாம், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பூட்டில் சாவி அப்படியே நின்றது. அவர் தம்பியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

“திங்கக்கிழமை இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“...தெரியும்.”

“பொறவு ஏன் சார் சொல்லல? அவன் உங்களுக்கும் போன் போட்டானா?”

“ஐயோ, அவரை நான் பார்த்ததுகூட இல்லையே!”

“படம், தண்ணி, ஜெயிலுன்னு அடுக்குனிய. இதை மட்டும் மறந்துட்டியளாக்கும்?”

துணியை விளக்குக்கு நேராகப் பிடிப்பது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியைத் திருகிப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“நாளைக்கு நீங்க என்கூட வரணும். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். பத்திரத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு வரி விடாம வாசிக்கணும். விட்டா எனக்குத் தெரிஞ்சிரும்.”

வியாழக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். அவர் ஜன்னலோரம், நான் நடைபாதைக்கு இந்தப் பக்கம். பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

“தீபாவளிக்கு வந்தப்போ அம்மாவோட டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் கேட்டான். குடுத்தேன். பொங்கலுக்கு, ‘வாரிசு சான்றிதழ்ல உம் பேரு சரியா இருக்காக்கா’ன்னான். இருக்குன்னேன். போன மாசம் அவன் பொண்டாட்டி போன் போட்டு, ‘மதினி, ஆதார்ல உங்க இனிஷியல் என்ன’ன்னா. ஒவ்வொண்ணா கேக்கும்போது ஒண்ணும் தோணல சார். இப்போ சேத்துவச்சுப் பாத்தா...”

சந்தேகம் இப்படித்தான் வேலை செய்கிறது. முன்னால் நடந்ததை எல்லாம் பின்னால் போய் மறுபடி திருத்தி எழுதும். பொங்கலுக்குத் தம்பி கொண்டுவந்த கரும்புகூட இப்போது அவருக்கு வேறு மாதிரி இனித்திருக்கும்.

“அவன் மிலிட்டரிக்கு ஓடிப் பழகுனப்போ நான்தான் சார் கடிகாரம் பாத்தேன். விடியக்காலம் நாலரைக்கு கிரவுண்டுல நிப்பேன். கல்யாணம் ஆகாத பொம்பளப்பிள்ளை அந்நேரத்துக்கு அங்க நிக்கான்னு ஊரே பேசுச்சு. ‘எம்புட்டுக்கா, எம்புட்டுக்கா’ன்னு கத்திக்கிட்டே ஓடுவான். நான் பத்து செகண்டு கூட்டித்தான் சொல்லுவேன். அப்பத்தான் இன்னும் வேகமா ஓடுவான்னு.” கம்பியில் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார். “அதைக்கூட நான் அவங்கிட்ட இன்னும் சொல்லல.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில், பத்திரம் எழுதுபவர் ஒருவரின் கடை. வாசலில் பைக்கின் மேல் சாய்ந்து மாரிச்சாமி நின்றிருந்தார். முறுக்கிவிட்ட மீசை, தேய்த்த சட்டை, கையில் ஃபைல். அக்காவைப் பார்த்ததும் சிரித்தார். பின்னால் இறங்கி வந்த என்னைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“இவிய யாருக்கா?”

“எதிர்வீட்டு சார். படிச்சுச் சொல்ல வந்திருக்காக.”

“படிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு...”

கடைக்குள் இருந்து பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். “சார் வக்கீலா?”

“இல்ல. இங்கிலீஷ் வாத்தியார்.”

“அப்ப சரி.” கண்ணாடி இறங்கிவிட்டது.

பிரிண்ட் எடுத்த தாள்களை என் கையில் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. எழுதி வாங்குபவர் மாரிச்சாமி. எழுதிக் கொடுப்பவர் சண்முகத்தாய். ‘தங்கள் பேரில் எனக்குள்ள பிரியத்தை முன்னிட்டு... யாருடைய தூண்டுதலும் இன்றி... மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத பாதி பாகத்தை விடுதலை செய்து கொடுத்திருக்கிறேன்... இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எந்தப் பாத்தியதையும் கிடையாது...’

இதே வரிகளைப் பதினோரு வருஷத்துக்கு முன் நான் வாசித்திருக்கிறேன். மனசுக்குள். விஜயாவுக்குக் கேட்காமல்.

“நிறுத்துங்க சார்” என்றார் சண்முகத்தாய். தம்பி பக்கம் திரும்பினார். “ஏலே, என்ன இது?”

“சும்மா ஒரு ரிலீஸ்தான்க்கா.”

அதே வார்த்தை. அதே ‘சும்மா’. அந்தச் ‘சும்மா’வை எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதுகூட அதே மாதிரி. எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் இதை?

“தமிழ்ல சொல்லு.”

“விடுதலைப் பத்திரம்க்கா.”

“நான் எந்த ஜெயில்லலே இருந்தேன்?”

பத்திர எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல் பண்ணி அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியில் எவ்வளவு நியாயம்! இங்கிலீஷ்தான் ஒரே வார்த்தையில் ஒன்பது அர்த்தத்தை ஒளித்துவைக்கிறது, தமிழ் வெள்ளை மனசு என்று நினைத்திருந்தேன். படம் வெளியாகும், தண்ணீர் திறந்துவிடப்படும் என்று தமிழில் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டிக்கொண்டுதானே நிற்கிறது? ஆனால் ஒரு பெண் தன் பங்கை இழக்கும்போது மட்டும் அதன் பெயர் விடுதலை! யாருக்கு விடுதலை? எதிலிருந்து?

“பத்திரத்துல இருக்கிறது எனக்கு வேண்டாம்” என்றார் சண்முகத்தாய். “நீ உன் வாயால சொல்லு. நான் எதை விடணும், யாருக்கு விடணும்? கேளு. கேட்டா பதில் சொல்லுதேன்.”

மாரிச்சாமி வாயைத் திறந்தார். “அந்த வீட்டுல... உனக்கு...” என்றார். மூடிக்கொண்டார். ஃபைலை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “பிளான் அப்ரூவலுக்கு ரெண்டு பேரு பேருல இருந்தா அலைச்சல்க்கா” என்றார். “அதைக் கேக்கல” என்றார் அக்கா. பனியிலும் வெயிலிலும் காவல் நின்ற மனிதர். ஒரு வாக்கியம் அவருக்கு வரவில்லை. ஆபீஸ் வாசலில் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வீட்டுல உனக்குள்ள பாதியை எனக்கு விட்டுக் குடுத்துரு.”

“மாட்டேன்” என்றார் சண்முகத்தாய்.

எத்தனையோ டிக்‌ஷனரி புரட்டியிருக்கிறேன். மாட்டேன் என்ற வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

மாரிச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “உன்னை நான் ஏமாத்துதேன்னா நெனைக்க? வாத்தியாரைக் கூட்டிட்டு வந்து... ஊரு முன்னாடி...”

“கேக்காம வாங்குனா அதுக்கு வேற என்னலே பேரு?”

“இடிச்சுட்டு மாடியோட கட்டலாம்னு இருக்கேன்க்கா. மேல உனக்கு ஒரு ரூம் போடத்தான் பிளான் போட்டிருக்கேன். வயசானா எங்க இருப்ப நீ? என்கூடத்தானே இருக்கப் போற?”

ஃபைலில் இருந்து வரைபடத்தை உருவிக் காட்டினார். அதில் உண்மையாகவே மாடியில் ஒரு சின்ன அறை இருந்தது. பென்சிலில் ‘அக்கா’ என்று எழுதியிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். சண்முகத்தாயும் பார்த்தார். இந்த இடத்தில் அவர் உடைந்துவிடுவார், பேனாவை வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். நல்ல மனசோடு செய்யப்படும் காரியங்கள்தான் நம்மிடம் எளிதாகக் கையெழுத்து வாங்கிவிடுகின்றன.

அவர் அந்தப் பென்சில் எழுத்தை விரலால் ஒரு தடவை தொட்டார். “படியேறி மேல போகணுமா நான்? முட்டி வலியோட?” என்றார். “இருக்கேன்லே. உன்கூடத்தான் இருக்கேன். ஆனா எம் பாதியில இருக்கேன். இன்னைக்கு நான் இருக்கிற வாடகை வீட்டுல, ஓனர் நாளைக்கே காலி பண்ணுன்னா பண்ணணும். அதே மாதிரி உன் வீட்டுலயும் இருக்கச் சொல்லுதியா? நாளைக்கு உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் ஒரு சண்டை வந்து, ‘உங்க அக்கா எதுக்கு இங்க’ன்னு அவ கேட்டா நீ என்ன சொல்லுவ?”

மாரிச்சாமி வரைபடத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

“ரெண்டு பேரு பேருல இருந்தா அலைச்சல்னா, என்னையும் அலையச் சொல்லு. லீவு போட்டுட்டு வாரேன். எத்தனை நாள் வேணும்னாலும் வாரேன்.”

மாரிச்சாமி கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாள்களை என் கையில் இருந்து வாங்கினார். கிழிக்கவில்லை, கோபமாகவும் மடிக்கவில்லை. ஃபைலுக்குள் வைத்தார். பைக்கை ஸ்டார்ட் பண்ணினார்.

“ஏறு. செத்த நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. காலையில சாப்பிட்டிருக்க மாட்ட.”

சண்முகத்தாய் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போதே திட்ட ஆரம்பித்துவிட்டார். “மெதுவாப் போலே... பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லத் தெரியுது, காரணம் சொல்லத் தெரியலையாக்கும்...” தெரு முனை திரும்பும் வரை அந்தக் குரல் கேட்டது.

நான் தனியாக நின்றேன். என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். பத்திர எழுத்தர் மட்டும் என்னைப் பார்த்து, “உங்களால ஒரு பத்திரம் போச்சு சார்” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் சண்முகத்தாய் வந்து முடிவைச் சொன்னார். வீடு இரண்டு பேர் பேரிலும் அப்படியே இருக்கும். பிளானுக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் கொடுக்கப் போகிறார்கள். அவருடைய அறை மாடியில் இருந்து கீழே, வாசல் பக்கம் வந்துவிட்டது. தனி வாசல். தம்பியே திருத்தி வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி என்னிடம் காட்டினார்.

“நல்லது தாயி. பிரச்சனை முடிஞ்சுது.”

“எங்க சார் முடிஞ்சுது? ஜன்னல் ஒண்ணு கொறையுது பாருங்க. கட்டி முடிக்கட்டும், பொறவு பாப்போம்.”

சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்தவர், எதையோ கேட்க நினைத்து, கேட்காமல், சுவரையும் உத்தரத்தையும் ஒரு சுற்று பார்த்தார். “இந்த வீடு உங்க அப்பா கட்டுனதா சார்?” என்றார்.

“ஆமா.”

“நல்லாக் கட்டியிருக்காக” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? என் மனைவி சொல்லியிருப்பாளா? கேட்டேன். “நான் ஒண்ணும் சொல்லல. உங்க மூஞ்சியே சொல்லுது” என்றாள். “கோவில்பட்டிக்கு எப்போ போன் போடப் போறிய?”

ஞாயிற்றுக்கிழமை காலை போட்டேன். நான்கு தடவை ரிங் போனது. எடுக்க மாட்டாள் என்று ஒரு நிம்மதி வரும்போது எடுத்துவிட்டாள்.

“என்னண்ணே? எல்லாரும் நல்லா இருக்கியளா?”

“நல்லா இருக்கோம் பாப்பா. ஒண்ணு கேக்கணும். அப்பா வீட்டுக்கு ஒரு கையெழுத்து போட்டியே, ஞாபகம் இருக்கா?”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

“ம். என்ன? இன்னும் எங்கயாவது போடணுமா?”

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள். போடணும் என்று நான் சொல்லியிருந்தால் வந்து போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

“இல்ல பாப்பா. அன்னைக்கு அதுல என்ன எழுதியிருந்துதுன்னு நான் உனக்குச் சொல்லல. அதைச் சொல்லத்தான் போன் போட்டேன்.”

இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடக் கலக்காமல் சொன்னேன். வீட்டில் பாதி உன்னுடையது. அதை எனக்கு விட்டுக்கொடுத்ததாக நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். அது உனக்குத் தெரியாது. தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்; நான்கு வாக்கியம். மாரிச்சாமி ஏன் அப்படித் தடுமாறினார் என்று அப்போது புரிந்தது. இரண்டாவது வாக்கியத்தை நான் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

நின்ற மிக்ஸி மறுபடி ஓடவில்லை.

“அந்தப் பாதியை உன் பேருக்குத் திருப்பி எழுதணும்னு இருக்கேன். இந்தத் தடவை கையெழுத்து போட வேண்டியது நான்” என்றேன்.

“எதுக்கு?”

“உன்னுதும்மா அது.”

“அது எனக்கு அப்போவே தெரியும். இப்போ எதுக்கு?” குரல் தாழ்ந்தது. “உடம்புக்கு ஏதும் சரியில்லையா? டாக்டர் எதுவும் சொன்னாரா? வீட்டு மேல கேஸ் கீஸ் எதுவும் இருக்கா? மதினி பக்கத்துல இருக்காகளா? போனை அவககிட்ட குடு.”

“ஒண்ணுமில்ல பாப்பா...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்கிற உரிமையை எல்லாம் நான் எப்போதோ செலவழித்துவிட்டேன். “இத்தனை வருஷம் உறுத்திச்சு. அதான்” என்றேன்.

நம்பினாளா? தெரியவில்லை. நான் அவளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“சரிண்ணே. யோசிச்சுச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டாள்.

இதை எழுதும் வரை அவளிடம் இருந்து போன் வரவில்லை. யோசிக்கட்டும். பதினோரு வருஷத்துக்கு முன் நான் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அது.